டாஃபியும் நானும் ஒரு தைராய்டு மாத்திரையும்

டிஸ்கி: மக்கா, இது கார்ட்டூன் பதிவு. எழுகழுத வயசாச்சு இன்னும் கார்ட்டூனான்னு கேக்கறவங்க இப்பவே ஜூட் விட்டுக்கலாம். தீசிஸ் எழுதாம இதை ஏன்டா எழுதறேன்னு கேக்கறவங்களும் அப்படியே பின்னாடியே போயிடுங்க, நீங்க என் ப்ரொபசர் அனுப்பின ஆளாத்தான் இருக்கும் :-)

விஷயம் என்னன்னா, போன சனிக்கிழமை இங்க நம்ம ஊர் பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு பாட்லக். ஆளுக்கொரு ஐட்டம் கொண்டு வரணும். நாலு பேரு தயிர் சாதம் கொண்டு வந்ததைத் தவிர பெரிய சேதாரம் எதுவுமில்லை. சாப்பிட்டு முடிச்சு வழக்கம்போல ரஜினியா கமலான்னு ஆரம்பிச்ச பேச்சு எப்படியோ சுத்தி டாஃபி டக்ல வந்து நின்னுச்சு. பி.எச்.டி. பண்ற ஒரு சீனியர் அண்ணன் (இவர் வந்து ஏழு வருஷமாச்சு, இந்த ஊர் முனிசிபாலிட்டில இவருக்கு சிலை வைக்கப் போறாங்கன்னு பேச்சு) அடிச்சு சொன்னாரு: "டாஃபின்னா அது ஐம்பதுகள்ல வந்த டாஃபிதான். 2011ல ‘தி லூனி டூன்ஸ் ஷோ’ன்னு ஒண்ணு எடுத்து அந்த வாத்தைக் கொலை பண்ணிட்டானுங்க. கைல துப்பாக்கி இல்ல, டைனமைட் இல்ல, சோபால உக்காந்து வெட்டிக்கதை பேசுது. அது என்ன கார்ட்டூனா, மெகா சீரியலா?"

எல்லாரும் தலையாட்டினாங்க. நான் மட்டும் ஆட்டல. ஆனா அங்க எதுவும் பேசவும் இல்ல. ஏன் பேசலன்னு பின்னாடி புரியும். அன்னைக்குச் சொல்லாததைத்தான் இங்க எழுதறேன். என் கட்சி என்னன்னா, தொண்ணூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான டாஃபி சரித்திரத்துலயே அந்த வாத்தோட தலைக்கனம் என்னங்கிறதை உள்ளது உள்ளபடி காட்டினது அந்த சோபா டாஃபிதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன், அப்பத்தான் வாதம் நிக்கும்.

டாஃபி முதல்முதல்ல திரைல வந்தது 1937ல, டெக்ஸ் ஏவரி எடுத்த ‘போர்க்கீஸ் டக் ஹண்ட்’ங்கிற குறும்படத்துல. அப்ப அவனுக்குத் தலைக்கனம் எல்லாம் கிடையாது. சுத்தமான பைத்தியம். தண்ணி மேல குதிச்சுக் கும்மாளம் போட்டுக்கிட்டு, வேட்டைக்கு வந்த போர்க்கி பன்னிய சுத்தல்ல விட்டுட்டு ஓடற ஒரு கிறுக்கு வாத்து, அவ்வளவுதான். பக்ஸ் பன்னி இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச உருவத்துல வந்தது 1940ல, ‘எ வைல்ட் ஹேர்’ல. அதுவும் ஏவரி படம்தான். இந்த ரெண்டு வருஷத்தையும் கவனிங்க. டாஃபி மூணு வருஷம் சீனியர்! நேத்து வந்த முயல் கேரட்டைக் கடிச்சுக்கிட்டே சாவகாசமா நடந்து வந்து சூப்பர் ஸ்டார் ஆயிடுது, மூணு வருஷ சர்வீஸ் உள்ள வாத்து பக்கத்துல நிக்குது. நம்மாளுங்க எந்த ஆபீஸ்ல இருந்தாலும் இந்தக் கதை அவங்களுக்குப் புரியும்.

இந்த வயித்தெரிச்சலைப் புடிச்சு, அதையே குணமா ஆக்கினவர் சக் ஜோன்ஸ். 1951ல ‘ராபிட் ஃபயர்’, 1952ல ‘ராபிட் சீசனிங்’, 1953ல ‘டக்! ராபிட், டக்!’ன்னு மூணு படம். மூணுக்கும் கதை மைக்கேல் மால்டீஸ். மூணுலயும் சங்கதி ஒண்ணுதான்: எல்மர் ஃபட் துப்பாக்கியோட நிப்பான், இது முயல் வேட்டைக் காலமா வாத்து வேட்டைக் காலமான்னு ரெண்டும் அடிச்சுக்கும், கடைசில குண்டு வாத்து மூஞ்சிலதான். அலகு ஒரு சுத்து சுத்திப் பின்பக்கம் போயிடும். அதைத் திருப்பி மாட்டிக்கிட்டு மறுபடியும் சண்டைக்கு வருவான் பாருங்க, அதுக்கே கோயில் கட்டலாம்.

அதுல ‘ராபிட் சீசனிங்’ எனக்கு ரொம்ப இஷ்டம். அதுல பக்ஸ் பெருசா எந்த சதியும் பண்றதில்ல. பேச்சுல ‘நீ’, ‘நான்’, ‘அவன்’ங்கிற வார்த்தைங்களை லேசா இடம் மாத்திப் போடறான், அவ்வளவுதான். எதிர்த்துப் பேசற வேகத்துல டாஃபி ‘என்னைச் சுடு’ன்னு தானே டிமாண்ட் பண்ணி வாங்கிக் கட்டிக்கறான். எங்கயோ வார்த்தை இடிக்குதுன்னு நடுவுல அவனே கண்டுபிடிக்கறான், கண்டுபிடிச்சும் மாட்டறான். யோசிச்சுப் பாருங்க, ‘நான்’ங்கிற சொல்லே தூண்டில் முள்ளா மாட்டற ஒரு பிறவி. பட்டிமன்றத்துல ரெண்டு மணி நேரம் பேசறதை ஏழு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.

அப்புறம் 1957ல ஃபிரிஸ் ஃப்ரீலெங் எடுத்த ‘ஷோ பிஸ் பக்ஸ்’. நாடகக் கொட்டகை வாசல்ல பக்ஸ் பேரு கொட்டை எழுத்துல, டாஃபி பேரு எறும்பு சைஸ்ல. பக்ஸ் சும்மா காலைத் தட்டினாக்கூட விசில் பறக்குது. டாஃபி உயிரைக் குடுத்து ஆடறான், எல்லாரும் கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க. கடைசில பெட்ரோல், நைட்ரோகிளிசரின், வெடிமருந்து, யுரேனியம்னு ஒண்ணொண்ணா முழுங்கி மேல ஒரு தீக்குச்சியையும் போட்டுக்கறான். டமால். அப்பத்தான் முதல் தடவையா கைதட்டல் காதைக் கிழிக்குது. ஆவியா மேல போய்க்கிட்டே டாஃபி சொல்றது, இந்த ஐட்டத்தை ஒரே ஒரு தடவைதான் பண்ண முடியும்ங்கிறதை. சிரிச்சு முடிச்ச அப்புறம் எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சின்ன வயசுல பாத்தப்ப ஆகல.

சீனியர் அண்ணன் இதையெல்லாம் தூக்கி வச்சுக் கொண்டாடறதுல தப்பே இல்ல. நானும் கொண்டாடறேன். ஆனா இதுல எல்லாம் டாஃபி பாவப்பட்ட ஜென்மமா ஆயிடறான், கவனிச்சீங்களா? உலகமே அவனுக்கு எதிரா நிக்குது. ‘டக் அமக்’ (1953) படத்துல அவனை வரையற ஆளே எதிரி. பின்னணியை அழிச்சு, குரலைப் புடுங்கி, உடம்பையே மாத்தி வரைஞ்சு பாடாப்படுத்தறது யாருன்னு கடைசில கேமரா பின்னாடி போனா, மேஜைல பக்ஸ். (பக்ஸ் தானா வம்புக்குப் போகக் கூடாது, யாராச்சும் சீண்டினாத்தான் திருப்பி அடிக்கணும்னு ஜோன்ஸ் ஒரு விதி வச்சிருந்தார். இந்தப் படத்துல அந்த விதி எங்க போச்சுன்னு தெரியல!) இந்த மாதிரி அடி வாங்கறவன் தலைக்கனத்தைப் பாத்தா நமக்குக் கோவமா வரும்? நம்ம கைப்புள்ள மேல கோவமா வருது? அடி வாங்கினதுமே கணக்கு நேர் ஆயிடுது. அவன் அலட்டினான், உலகம் ஒரு போடு போட்டுச்சு, முடிஞ்சுது. நாமளும் நிம்மதியா வீட்டுக்குப் போறோம்.

2011 சீரியல்ல உலகம் எந்தப் போடும் போடல. அதுதான் அதோட விசேஷம்.

கார்ட்டூன் நெட்வொர்க்ல வந்துச்சு. ரெண்டு சீசன், அம்பத்திரெண்டு எபிசோடு. துப்பாக்கி, காடு எல்லாம் போயிடுச்சு. ஒரு புறநகர் வீடு. வீடு பக்ஸோடது. கேரட் சீவற கருவி ஒண்ணைக் கண்டுபிடிச்ச காசு அவனுக்கு வந்துக்கிட்டே இருக்கு, கவலையில்ல. அந்த வீட்டுல ரூம்மேட்டா டாஃபி. வாடகை? பேச்சே கிடையாது. வேலை? அதெல்லாம் கேக்கப்படாது. பரேடுல இழுத்துட்டுப் போற அலங்கார வண்டி இருக்கும்ல, தன் உருவம் வச்ச அந்த வண்டியைத்தான் அவன் சொந்தக் காரா ஓட்டறான். அவன் தன்னைப் பத்தி நினைச்சுட்டு இருக்கறதுக்கு அந்த வண்டிதான் அளவுகோல். அதுக்கு பெட்ரோல் எவன் காசு? அதேதான்.

இங்க டாஃபிக்கு எந்த அநியாயமும் நடக்கல. பேரை எறும்பு சைஸ்ல போடல, எவனும் ரப்பர் வச்சு அழிக்கல. மூணு வேளை சோறு, மெத்தை, நல்ல சிநேகிதன். எல்லாம் இருந்தும் அவன் அதே டாஃபிதான். உலகம் பண்ற கொடுமையாலதான் இவன் இப்படி ஆயிட்டான்னு ஐம்பதுகள்ல நாம குடுத்த சந்தேகத்தின் பலன் எல்லாம் இங்க காலாவதி. இருபத்திரெண்டு நிமிஷம் அவன்கூட ஒரே வீட்டுல இருந்து பாருன்னு நம்மளை உக்கார வச்சுடறாங்க.

முதல் எபிசோடையே எடுத்துக்குவோம். ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’. சிநேகிதங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு பாக்கற ஒரு டிவி போட்டிக்கு ரெண்டு பேரும் போறாங்க. பக்ஸுக்கு டாஃபியைப் பத்தித் தெரியாததே இல்ல. டாஃபிக்கு பக்ஸைப் பத்தி எதுவுமே தெரியல. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும். பக்ஸ் கடுப்பாயிடறான், கதை அங்கிருந்து போகுது.

இதை நான் முதல்முதல்ல பாத்த நேரம் இருக்கே, அதைச் சொல்லித்தான் ஆகணும்.

எனக்கு ஒரு ரூம்மேட். பேரு வேணாம், கரூர்க்காரன்னு வச்சுக்குவோம். வந்த முதல் மாசத்துல இருந்து ஒரே அபார்ட்மெண்ட். அவன் சிவில், நான் கம்ப்யூட்டர். அமைதியான பய. நான் எப்படின்னு இந்தப் பக்கம் அடிக்கடி வர்ற உங்களுக்குத் தெரியும். லேப்ல இருந்து வந்து ஷூவைக் கழட்டறப்ப ஆரம்பிப்பேன், தூங்கற வரைக்கும் ஓடும். என் ப்ரொபசர் இன்னைக்கு என்ன சொன்னார், அந்த குஜராத்திப் பையன் என் ஐடியாவை எப்படிச் சுட்டான், இன்டர்வியூல நான் என்ன கேட்டேன், அவன் எப்படி முழிச்சான். கரூர்க்காரன் சாம்பாரைக் கிண்டிக்கிட்டே ‘ம்’ போடுவான். நல்ல இடத்துல கரெக்டா சிரிப்பான். எனக்கு அது தினசரி நைட் ஷோ, ஹவுஸ்ஃபுல்.

முதல் வருஷக் குளிர்ல பஸ் ஸ்டாப்புக்குப் போறப்ப ஐஸ்ல வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு உடைஞ்சுது. வலது கை. ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணினது அவன்தான். என்னை ஒரு வார்த்தை கேக்காம பொறந்த தேதி, பெனிசிலின் ஒத்துக்காதுங்கிறது, ஊர்ல அம்மா நம்பர் எல்லாம் மடமடன்னு எழுதினான். இன்ஷூரன்ஸ் கார்டு என் பர்ஸ்ல எந்த அறைல இருக்குன்னுகூட அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் அதை அப்ப கவனிக்கவே இல்ல. அந்த விழுந்த கதையை மட்டும் ஒரு மாசம் எல்லார்கிட்டயும் ஆக்‌ஷனோட சொல்லிட்டு இருந்தேன்.

அடுத்த வருஷம் ஜனவரி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்ரூம் வாசல்ல கரூர்க்காரன் சுருண்டு கிடக்கறான், வயித்தைப் புடிச்சுக்கிட்டு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா வர்ற பில்லு ரெண்டு பேருக்கும் தெரியும், அந்த வலியிலயும் ‘வேணாம்டா’ன்னு தலையை ஆட்டறான். அதே சீனியர் அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். லுங்கிக்கு மேல ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் பத்து நிமிஷத்துல காரோட வந்து நின்னார். (அதான் பாட்லக்ல அவரை எதுத்துப் பேசல. புரியுதா? அந்த மனுஷன் டாஃபியைப் பத்தி என்ன வேணா சொல்லிக்கட்டும்.)

எமர்ஜென்சில ஒரு நர்ஸ், அம்மா வயசு இருக்கும். அவனைக் கேட்டா அவன் வாந்தி எடுக்கறான், அதனால என்கிட்ட திரும்பினாங்க. "நீ ரூம்மேட்டா? எத்தனை நாளா?" ஒன்றரை வருஷம்னு பெருமையாச் சொன்னேன். பொறந்த தேதி? மார்ச்னு நினைக்கிறேன். வருஷம்? என் வயசுதான் இருக்கும். ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதா? தெரியாது. முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும்? தெரியாது. வீட்டுல யாருக்குச் சொல்லணும்? அப்பா இருக்காரு. நம்பர்? அவன் போன்ல இருக்கும். போன் லாக்கு. தினமும் ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறானா?

இதுக்கு மட்டும் டக்குன்னு பதில் சொன்னேன். "இல்ல. அவன் ஆரோக்கியமான ஆளு."

கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டே அவன் முனகினான், "லீவோதைராக்சின். எழுபத்தஞ்சு."

அந்த டப்பா எனக்குத் தெரியும். எங்க கிச்சன்ல காபித்தூள் டின்னுக்குப் பக்கத்துலயே இருக்கும். தினமும் காலைல அதை நகர்த்தி வச்சுட்டுத்தான் காபித்தூளை எடுப்பேன். வைட்டமின்னு நினைச்சிருந்தேன். அதைக்கூட நினைச்சேன்னு சொல்ல முடியாது, ஒரு டப்பா வழில இருக்கு, நகர்த்தணும், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. காலைல நான்தான் ரெண்டு பேருக்கும் காபி போடுவேன். எங்க வீட்டுல நான் பண்ற ஒரே வேலை அதுதான், அதனால அதுல எனக்கு ஏகப்பட்ட கர்வம். நம்மாளு அதை உடனே குடிக்க மாட்டான். மூடி வச்சுட்டு அரை மணி கழிச்சு, ஆறிப்போனதைச் சுட வச்சுக் குடிப்பான். என் காபியை அவமதிக்கறான்னு எனக்குக் கோவம். அதை வச்சு எத்தனை பேர் முன்னாடி ஓட்டியிருக்கேன் தெரியுமா, ‘ஜமீன்தாருக்குக் காபி பழசாகணும்’னு! அவனும் சேர்ந்து சிரிப்பான். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணியாவது காபி குடிக்கக்கூடாதுன்னு எனக்கு அன்னைக்கு ராத்திரி வெயிட்டிங் ரூம்ல உக்காந்து தேடிப் பாத்தப்பத்தான் தெரியும். ஒன்றரை வருஷம் ஒருத்தன் கண்ணு முன்னாடி மாத்திரை சாப்பிட்டிருக்கான், அதுல என் கண்ணுல பட்டது என் காபிக்கு நடந்த அவமானம் மட்டும்.

அப்பெண்டிசைட்டிஸ். விடியக்காலைல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க, நல்லபடியா முடிஞ்சுது. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான்.

நடக்கக் கஷ்டம், படிக்க முடியல, போர் அடிக்குதுன்னான். நான் பப்ளிக் லைப்ரரிக்குப் போய்க் கைக்குச் சிக்கின டிவிடி எல்லாம் அள்ளிட்டு வந்தேன். மேல இருந்தது ‘தி லூனி டூன்ஸ் ஷோ’ முதல் சீசன். லேசா சிரிக்கற மாதிரி இருக்கட்டும்னு போட்டேன். முதல் எபிசோடு. போட்டி ஆரம்பிக்குது. பக்ஸ் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றான். டாஃபி முழிக்கறான்.

கரூர்க்காரன் திரையையே பாத்துட்டு இருந்தான். நானும் திரையையே பாத்துட்டு இருந்தேன். திரும்பினா மாட்டிக்குவேன். கொஞ்ச நேரத்துல சோபா லேசா குலுங்குது. பய சிரிக்கறான். சத்தம் வராம, வயித்தைக் கைல புடிச்சுக்கிட்டு. "நிறுத்துடா, தையல் இழுக்குது"ன்னான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம். அதைப் பத்தி எதுவும் பேசிக்கல.

அதனாலதான் சோபா டாஃபி பக்கம் நான் நிக்கறேன். கர்வம்னா தன்னைப் பெருசா நினைச்சுக்கறதுன்னு நாம வச்சிருந்த கணக்கு மேடைக்குச் சரி, கொட்டகை வாசல் போர்டுக்குச் சரி. வீட்டுக்குள்ள அது வேற மாதிரி இருக்கு. நான் என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டதே இல்ல, நம்புங்க. பாதி நாள் என் கதை எல்லாம் புலம்பல்தான், எனக்கு எது வரலைங்கிறதுதான். டாஃபியும் அப்படித்தானே? அவன் தோத்துட்டே இருக்கறவன். தோத்தாலும் பேச்சு அவனைப் பத்தித்தான். அடுத்தவன் கேள்விப்பட்டியல்லயே கிடையாது. ஐம்பதுகள் டாஃபி பக்ஸைப் பத்தி ராப்பகலா நினைச்சான், பொறாமைல நினைச்சான். பொறாமைக்காவது எதிராளியை நிமிந்து பாக்கணும். சோபா டாஃபி பக்ஸைப் பாக்கறதே இல்ல. இந்த ரெண்டுல எது மோசம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

குழந்தைங்க பாக்கற சீரியல்ல இதை வச்சதுக்கே ஒரு ஓ போடலாம். குண்டடி பட்டா வலிக்கும்ங்கிறது எந்தக் குழந்தைக்கும் தெரியும். கூடவே இருக்கறவனைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருக்கறதும் ஒரு அடிதான்னு காட்டறதுக்கு ஒரு டிவி போட்டி தேவைப்படுது.

அந்த சீரியல்ல குறை இல்லாம இல்ல. டாஃபி ஒரு எபிசோடுல திருந்தின மாதிரி ஆவான், அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி. கிராண்ட் கேன்யன்ல குப்பையைப் போட்டு ஜெயிலுக்கே போய்ட்டு வர்றான், ஒரு பாடமும் ஏறாது. டீனான்னு அவனுக்கு ஒரு காதலி, ஜெராக்ஸ் கடை மாதிரி ஒரு இடத்துல வேலை பாக்கறவ. அவ ஒருத்திதான் அவனைப் புரிஞ்சு, மூஞ்சிக்கு நேரா சொல்றவ. அவளுக்கு இன்னும் நிறைய இடம் குடுத்திருக்கலாம். ரெண்டாவது சீசன்ல சில எபிசோடு மொக்கை, மறைக்கறதுக்கில்ல.

எனக்குப் பெரிய உறுத்தல் பக்ஸ்தான். ஏன் இவனை வீட்டுல வச்சிருக்கான்? நல்லவன், அதனாலன்னு சீரியல் சொல்லாம சொல்லுது. எனக்கு அது பத்தல. இதை ஒருநாள் கரூர்க்காரன்கிட்டயே கேட்டேன், டாஃபியைப் பத்திக் கேக்கற மாதிரி.

"பக்ஸ் ஏன்டா அவனைத் துரத்தல?"

அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அவன் பேசிட்டே இருந்தா இவன் பேச வேணாம்ல."

"புரியல."

"எனக்கு எங்க வீட்டு விஷயம் எதுவும் பேசப் பிடிக்காது மச்சி. வந்த புதுசுல இன்னொரு ரூம் பாத்தேன், அவனுங்க நல்ல பசங்க, ஆனா தினமும் அப்பா எப்படி இருக்காரு, ஏன் டல்லா இருக்கன்னு கேப்பானுங்க. உன்கூட இருந்தா அந்தத் தொந்தரவே இல்ல. நீ எதுவும் கேக்கவே மாட்ட."

திட்டறானா பாராட்டறானான்னு மூஞ்சியைப் பாத்தேன். ரெண்டும் இல்ல. வெங்காயம் உரிச்சுட்டு இருந்தான்.

இதை நான் எதிர்பாக்கல. பக்ஸுக்கும் டாஃபியால ஒரு வசதி இருக்குங்கிறதை எந்த எபிசோடும் எனக்குச் சொல்லல. அதுக்காக என் தப்பு கரைஞ்சு போயிடாது, நர்ஸ் முன்னாடி நின்னது நான்தான். ஆனா பேசறவன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க ஒரு ஆளும் வேண்டியிருக்குன்னு தெரிஞ்ச அப்புறம், பழைய படங்களைப் பாத்தாலும் பக்ஸோட அந்த அலட்டிக்காத சிரிப்பு வேற மாதிரி தெரியுது. பக்ஸ் நாம ஆக ஆசைப்படற ஆளு, டாஃபி நாம நெசமாவே இருக்கற ஆளுங்கிற அர்த்தத்துல சக் ஜோன்ஸ் சொல்லியிருக்கார். கேக்க நல்லா இருக்கு. ஆனா ரெண்டு பேருக்கும் குரல் குடுத்தது ஒரே தொண்டைங்கிறதையும் கூடச் சேத்துக்கணும். அந்தக் காலத்துல மெல் பிளாங்க், இந்த சீரியல்ல ஜெஃப் பெர்க்மன். ரெண்டு பேரும் ஒரு வரி முயலா பேசிட்டு அடுத்த வரி வாத்தா கத்தினவங்கதான்.

இப்ப நிலவரம் என்னன்னா, காபி அரை மணி லேட்டாத்தான் போடறேன். அவன் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டு. மார்ச் பதினொண்ணு பொறந்தநாள், ஓ பாசிட்டிவ், சல்ஃபா மாத்திரை ஆகாது, அப்பா நம்பர் என் போன்ல இருக்கு. எல்லாம் மனப்பாடம். போன வாரம் அந்த டிவி போட்டி மாதிரியே வச்சுப் பாக்கலாம், கேளுடான்னு அவனைச் சவாலுக்கு இழுத்தேன், ரொம்பத் தெனாவட்டா.

"ஒரே ஒரு கேள்வி. என் தீசிஸ் எதைப் பத்தி?"

"தண்ணி… தண்ணி சம்பந்தமா…"

"தண்ணில என்ன?"

அவ்வ்வ்வ்வ். ரெண்டாவது டிஸ்க் லைப்ரரில சொல்லி வச்சிருக்கேன், வந்ததும் பாக்கணும்.